எட்டு வாரச் சுயமதிப்புப் பயிற்சி: பாடம் நல்லது, செயலியைத்தான் தாங்க முடியவில்லை

ஒரே வாரத்தில் நான் அனுப்பிய மின்னஞ்சல்களில் "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்ற வரி 19 இடங்களில் இருந்தது. எண்ணிச் சொன்னது நான் இல்லை, பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் தோழி. அதில் மூன்று, அவர்களாகவே என்னிடம் கேட்ட விவரத்தை நான் அனுப்பிவைத்த மின்னஞ்சல்கள். "கேட்டது அவங்க, கொடுத்தது நீ, இதுல மன்னிப்பு எதுக்கு?" என்றாள். சிரித்து மழுப்பினேன். ஆனால் அந்த 19 மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது, இரண்டு நாள் கழித்துக் கைப்பேசியில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட விளம்பரத்தைத் தட்டி, இந்த எட்டு வார இணையவழிச் சுயமதிப்புப் பயிற்சிக்குப் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே குறைகள் நிறைய இருக்கின்றன, அதைப் பெயர் போட்டுச் சண்டையாக்க எனக்கு விருப்பமில்லை. தவிர, இதே அச்சில் வார்த்த பயிற்சிகள் இப்போது ஏகப்பட்டவை வந்துவிட்டன, நீங்கள் எதில் சேரப் போனாலும் நான் சொல்வதில் பாதியாவது பொருந்தும்.

என்னென்ன தருகிறார்கள் என்றால், வாரத்துக்கு ஒரு காணொளிப் பாடம், இருபது நிமிடம் ஓடும். அதோடு இரண்டு பயிற்சித்தாள். வாரம் ஒருமுறை பயிற்சியாளரோடு நேரலை வகுப்பு, முப்பது நாற்பது பேர் இருப்போம். எட்டு வாரத்துக்குள் ஒரே ஒரு தடவை, அரை மணி நேரம், மனநல ஆலோசகர் ஒருவரோடு தனியாகப் பேசலாம். அப்புறம் ஒரு செயலி. இந்தச் செயலியைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் மொழி. பாடங்கள் தமிழில் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், தமிழில்தான் இருக்கின்றன, ஆனால் யாரோ வேறு மொழியிலிருந்து அவசரமாகப் பெயர்த்த தமிழ். முதல் நாள் காலையில் செயலி எனக்கு அனுப்பிய வாசகம்: "நான் போதும்." இதைப் படித்ததும் யாரோ "சாப்பாடு போதும்" என்பதுபோல என்னைத் தட்டிலிருந்து தள்ளிவைத்த மாதிரி இருந்தது. எனக்குக் குறை ஒன்றுமில்லை, இப்படியே இருந்தால் சரிதான் என்று சொல்ல வருகிறார்கள் எனப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பாடம் முழுக்கத் தன்னம்பிக்கை, சுயமதிப்பு, சுயமரியாதை மூன்றையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ஒரு வேலையைச் செய்துவிட முடியும் என்ற துணிச்சல் தன்னம்பிக்கை. அந்த வேலை சொதப்பிய பிறகும் நான் மதிக்கத்தக்க ஆள்தான் என்று உள்ளுக்குள் நிற்கிறதே, அது சுயமதிப்பு. எனக்கு முதலாவது ஓரளவு உண்டு, இரண்டாவதில்தான் ஓட்டை. என் வேலை எனக்கு நன்றாகவே வரும். வந்தும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதானே பிரச்சினை. சுயமரியாதை என்ற சொல்லுக்கோ நம் மொழியில் தனி வரலாறே இருக்கிறது, அதை இந்தக் கூட்டத்தில் இழுத்து விட்டிருக்கவே வேண்டாம்.

முதல் வாரம் ஒரு கேள்வித்தாளோடு தொடங்குகிறது. மோரிஸ் ரோசன்பெர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1965இல் பதின்வயதினரை ஆராய்வதற்காக உருவாக்கிய அளவுகோல் அது. மொத்தம் பத்தே வாக்கியங்கள், ஐந்து நம்மைப் பற்றி நல்ல விதமாகவும் ஐந்து எதிர்மறையாகவும் இருக்கும், ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒத்துக்கொள்கிறோம் என்று நான்கு படிகளில் குறிக்க வேண்டும். இன்றைக்கும் ஆய்வாளர்கள் அதிகமாகப் பயன்படுத்துவது இதைத்தான். நேர்மையான கருவி, அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. நாம் பெரிய மேதை என்று நினைக்கிறோமா என்று அது கேட்பதே இல்லை. மற்றவர்களுக்குச் சமமாக நானும் ஒரு ஆள்தான் என்று நினைக்கிறோமா, அதைத்தான் கேட்கிறது. தலைக்கனத்துக்கும் சுயமதிப்புக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

ஆனால் செயலிக்காரர்கள் இந்தப் பத்து வாக்கியத்தை எடுத்து, நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண்ணாக மாற்றி, வரைபடமாக முகப்பில் மாட்டிவிட்டார்கள். ஞாயிறுதோறும் மறுபடி நிரப்பச் சொல்கிறார்கள். கோடு ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. எனக்கு முதல் வாரம் 43. எட்டு வாரமும் அந்த 43 எப்போது 50 ஆகும் என்று பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னையே மதிப்பெண் போட்டுப் பார்க்கும் நோயைக் குணப்படுத்த வந்த இடத்தில், கையில் இன்னொரு மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவிட்டார்கள்.

முதல் இரண்டு வாரத்துக்கு வீட்டுப்பாடம், கண்ணாடி முன் நின்று "நான் அன்புக்குரிய மனிதர்" என்பதுபோல ஐந்து வாசகங்களைத் தினமும் காலையில் சொல்வது. சொன்னேன். விடாமல் ஒன்பது நாள். முதல் வாசகத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே இருந்து ஒரு குரல், "அப்படியா? போன மாசம் அண்ணன் பேசின பேச்சு ஞாபகம் இருக்கா?" என்று ஆதாரங்களை அடுக்க ஆரம்பித்துவிடும். ஐந்து வாசகத்துக்கு ஐந்து எதிர்வாதம். ஒன்பதாம் நாள் கண்ணாடியிலிருந்து நகர்ந்தபோது, தூங்கி எழுந்தபோது இருந்ததைவிட மோசமாக இருந்தேன். நான்தான் சரியாகச் செய்யவில்லை போல என்று அதற்கும் என்னையே திட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இது என் கோளாறு இல்லை. ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2009இல் இதையேதான் சோதித்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொன்னதும் ஏறத்தாழ இதே வாசகம். ஏற்கெனவே தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு அதைச் சொன்னதும் கொஞ்சம் உற்சாகம் கூடியது, தன்னைப் பற்றித் தாழ்வான எண்ணம் உள்ளவர்களோ அதைச் சொல்லாதவர்களைவிடச் சோர்ந்துபோனார்கள். அதாவது யாருக்கு மருந்து தேவையோ அவர்களுக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான், நம்பவே முடியாத ஒன்றை நம் வாயாலேயே சொல்லும்போது மனம் சும்மா இருக்குமா, எதிர்க்கட்சி மாதிரி எழுந்து நின்றுவிடுகிறது. இந்த ஆய்வு வந்து இத்தனை வருடம் ஆகியும், சுயமதிப்புக் குறைந்தவர்களுக்கென்றே விற்கும் ஒரு பயிற்சி முதல் பதினான்கு நாளை இதில் வீணடிப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. (பாருங்கள், மன்னிப்பு என்ற சொல்லை இப்போது எதிர்த்திசையில் பயன்படுத்தப் பழகிவிட்டேன்.)

சுயமதிப்பை ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய கதையும் உண்டு. 1986இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் சுயமதிப்பை வளர்ப்பதற்கென்றே அரசுப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. மக்களின் சுயமதிப்பை உயர்த்திவிட்டால் குற்றம், போதைப்பழக்கம், படிப்பில் தோல்வி எல்லாம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், 1990இல் அறிக்கையும் வந்தது. பள்ளிகளில் பிள்ளைகளை எதற்கெடுத்தாலும் ஆகா ஓகோவென்று புகழும் பாணிக்கு அது பெரிய ஊக்கம் கொடுத்தது. ஆனால் 2003இல் ராய் பௌமைஸ்டர் என்ற உளவியலாளரும் வேறு மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் வரிசையாக அலசிப் பார்த்தபோது, சுயமதிப்பு கூடுவதால் படிப்பு தானாகக் கூடுவதாகத் தெரியவில்லை, நன்றாகப் படிப்பதால் சுயமதிப்பு கூடுவதுதான் ஓரளவு தெரிந்தது. அப்படியானால் சுயமதிப்பால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. மகிழ்ச்சியோடு அதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு, தானாக முன்வந்து பேசுவது, சறுக்கினாலும் விடாமல் முயல்வது ஆகியவற்றோடும் உண்டு. எனக்கு வேண்டியதும் அவ்வளவுதானே, கூட்டத்தில் வாயைத் திறக்க வேண்டும். பயிற்சியின் விளம்பரமோ சம்பள உயர்வு, உறவு, உடல்நலம், எல்லாவற்றையும் எட்டு வாரத்தில் தருவதாகச் சொல்கிறது. அந்தப் பக்கத்தை நம்பாதீர்கள்.

மூன்றாம் வாரம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890இல் சொன்ன ஒரு கணக்கைப் பயிற்சியாளர் நேரலையில் விளக்கினார். நாம் சாதித்ததை, நாம் சாதிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பதால் வகுத்தால் வருவதுதான் நம்மைப் பற்றிய நம் மதிப்பு. மேலே இருப்பதைக் கூட்டினாலும் மதிப்பு உயரும், கீழே இருப்பதைக் குறைத்தாலும் உயரும். ஜேம்ஸ் தன்னையே உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்: உளவியலில் தன்னைவிட இன்னொருவருக்கு அதிகம் தெரிந்தால் அவருக்கு அவமானமாக இருக்குமாம், கிரேக்க மொழி தெரியாததைப் பற்றித் துளியும் வருத்தமில்லையாம், ஏனென்றால் கிரேக்கத்தில் அவர் தன்னைப் பணயம் வைக்கவே இல்லை. இதைக் கேட்டதும் நான் ஒரு தாளில் எங்கெங்கே என்னைப் பணயம் வைத்திருக்கிறேன் என்று எழுதிப் பார்த்தேன். யாரும் என்மேல் சலித்துக்கொள்ளவே கூடாது என்பது முதலிடத்தில் இருந்தது. இப்படி ஒரு இலக்கை வைத்துக்கொண்டு யாரால் தேற முடியும்?

நான்காம் வாரம்தான் இந்தப் பயிற்சியின் உயிர். இதற்காக மட்டும் கட்டிய பணத்தில் பாதியைத் தாராளமாக எழுதிவிடலாம்.

மெலனி ஃபென்னல் என்ற பிரிட்டிஷ் சிகிச்சையாளர் 1997இல் தாழ்ந்த சுயமதிப்பு எப்படி உருவாகி எப்படி நிலைக்கிறது என்று ஒரு மாதிரியை முன்வைத்தார், அதை வைத்துத்தான் இந்த வாரப் பாடத்தைக் கட்டியிருக்கிறார்கள். சின்ன வயதில் நடந்தவற்றிலிருந்து நாம் நம்மைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்கிறோம். "நான் சுமை", "நான் மக்கு", "என்னை யாருக்கும் பிடிக்காது", இப்படி ஏதோ ஒன்று. அந்தத் தீர்ப்போடு எப்படியாவது குடித்தனம் நடத்த வேண்டுமே, அதற்காகச் சில சட்டங்களையும் வகுத்துக்கொள்கிறோம். என் சட்டம், "யார் எதைக் கேட்டாலும் உடனே செய்துகொடுத்தால் நான் சுமையில்லை." சட்டத்தைக் கடைப்பிடிக்கும் வரை எல்லாம் ஓடும். கடைப்பிடிக்க முடியாத ஒரு நாள் வந்ததும் பழைய தீர்ப்பு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். இதில் உள்ள சூழ்ச்சி என்னவென்றால், சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதாலேயே தீர்ப்பு தவறு என்று தெரியவரும் வாய்ப்பு நமக்குக் கிடைக்காமலே போகிறது. நான் எல்லாருக்கும் உடனுக்குடன் செய்துகொடுத்ததால்தான் என்னைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று இருபது வருடமாக நினைத்திருக்கிறேன், செய்யாவிட்டாலும் பொறுத்துக்கொள்வார்களா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

பயிற்சித்தாள் அதைத்தான் பார்க்கச் சொல்கிறது. சட்டத்தை ஒரே ஒரு இடத்தில் மீறு, மீறுவதற்கு முன் என்ன நடக்கும் என்று எழுது, அதை எத்தனை விழுக்காடு நம்புகிறாய் என்று எழுது, நடந்தபின் நடந்ததை மட்டும் எழுது. சக ஊழியர் ஒருவர் ஓர் அட்டவணையைக் கேட்டார். வழக்கமாகச் சாப்பிடாமல்கூட முடித்துக் கொடுத்துவிடுவேன். அன்று "நாளை மதியம் தருகிறேன்" என்று மட்டும் அனுப்பினேன், முன்னாலும் பின்னாலும் மன்னிப்பு எதுவும் இல்லாமல். தாளில் எழுதியிருந்தது: "எரிச்சலாவார், மேலாளரிடம் சொல்வார், 80 விழுக்காடு நம்புகிறேன்." வந்த பதில் "சரி". ஒரே சொல். அந்த ஒரு சொல்லை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் ஏதாவது கோபம் ஒளிந்திருக்கிறதா என்று.

இரண்டாவது சோதனை இவ்வளவு அழகாக நடக்கவில்லை, இதை எழுதாமல் விட்டால் நானும் அந்த விளம்பரம் மாதிரி ஆகிவிடுவேன். ஒரு வாரம் கழித்து உறவினர் ஒருவர் சனிக்கிழமை தன் வேலை ஒன்றுக்குக் கூட வரச் சொன்னார், முடியாது என்றேன். அவர் நிஜமாகவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "முன்ன மாதிரி இல்ல நீ" என்று சொல்லவும் சொன்னார். சனி முழுக்க வயிற்றில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. பயிற்சி பொய், நான் நினைத்ததுதான் சரி என்று தாளைக் கசக்காத குறை.

நல்ல வேளையாக ஆலோசகரோடு பேசும் அரை மணி நேரத்தை அதுவரை பயன்படுத்தியிருக்கவில்லை. திங்கள் மாலை பேசினேன். ஐம்பதைத் தாண்டியவராக இருக்கலாம், நிதானமான குரல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்க கோவிச்சுக்கிட்டாங்க, சரி. அதுக்கப்புறம் என்ன ஆச்சு?" என்றார். அதான் சொன்னேனே, கோவித்துக்கொண்டார் என்றேன். "இல்லங்க, அதுக்கும் அப்புறம்." யோசித்தேன். அதற்கப்புறம் சனி ராத்திரி அவர் வேறொருவரைக் கூட்டிக்கொண்டு போய் வேலையை முடித்துவிட்டார், ஞாயிறு குடும்பக் குழுவில் வழக்கம்போல ஏதோ படம் அனுப்பினார், நானும் பார்த்தேன். "உங்க சட்டத்துல ஒருத்தர் கோவிச்சுக்கிட்டா அதோட கதை முடிஞ்சுது. நிஜத்துல அதுக்கப்புறமும் ஞாயித்துக்கிழமை வருது பாருங்க" என்றார். எட்டு வாரத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய விஷயம் இந்த வாக்கியம், அதைச் சொன்னது காணொளியும் இல்லை, செயலியும் இல்லை, முப்பது நிமிடம் என் பேச்சைக் கேட்ட ஒரு மனிதர். இப்படிப்பட்ட பேச்சு ஒன்றே ஒன்றுதான் தருகிறார்கள் என்பதும், இன்னொன்று வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்பதும் பெரிய குறை. செயலிக்கு ஆகும் செலவைக் குறைத்து இதை மூன்றாக்கியிருக்கலாம்.

நான்காம் வாரத்தில் இன்னொரு சின்னத் தாளும் இருக்கிறது, பலர் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று நேரலையில் தெரிந்தது. தினமும் இரவு, நாம் செய்தவற்றில் நல்லதாக மூன்றைத் தேதியோடு எழுத வேண்டும், "ஆனால்" என்ற சொல் வரக்கூடாது. கேட்க அற்பமாக இருக்கும். என் முதல் நாள் வரி இது: "புதிதாகச் சேர்ந்தவருக்கு அரைமணி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன், ஆனால் அது யாராக இருந்தாலும் செய்வதுதான்." ஆனாலை அடித்தேன். அடுத்த வரியிலும் ஒரு ஆனால். அதையும் அடித்தேன். பாராட்டு எனக்கு வராமலில்லை, வரும் பாராட்டையெல்லாம் இந்த ஒரு சொல்லை வைத்து வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ணாடி வாசகத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு என்னவென்றால், இங்கே நம்ப வேண்டிய பெரிய பொய் எதுவும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் எதிர்க்கட்சிக்குப் பேச விஷயமில்லை.

ஐந்தாம் வாரத்தில்தான் பாடமும் செயலியும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. ஜெனிஃபர் க்ராக்கர், கோனி வுல்ஃப் என்ற உளவியலாளர்கள் 2001இல் முன்வைத்த கருத்துதான் பாடம். சுயமதிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது எதன்மேல் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மற்றவர் ஒப்புதல், தோற்றம், போட்டியில் முந்துவது, படிப்புத் திறமை, குடும்பத்தின் அன்பு, நேர்மை, கடவுளின் அன்பு என்று ஏழு தளங்களை அளக்கிறார்கள். நம் மதிப்பை எதில் கட்டிவைத்திருக்கிறோமோ அதில் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் நாமும் ஏறி இறங்குவோம், வெளியிலிருந்து வரும் ஒப்புதலில் கட்டியவர்கள் பாடுதான் கஷ்டம். பயிற்சியாளர் இதை மிக அழகாக விளக்கினார், குறிப்பெடுத்தேன், அழைப்பை முடித்தேன், கைப்பேசி அதிர்ந்தது: "வாழ்த்துகள்! உங்கள் குழுவில் நீங்கள் 11ஆவது இடம். இன்னும் 40 புள்ளி எடுத்தால் முதல் பத்தில்!"

சுயமதிப்பில் பதினோராவது இடம். முதலிடத்தில் இருப்பவர் யார், அவருக்குத் தன்மேல் அவ்வளவு மதிப்பா என்று போய்ப் பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவர் தினமும் எல்லாப் பெட்டிகளையும் டிக் செய்திருக்கிறார், அவ்வளவுதான். தொடர்ந்து வந்த நாட்களைக் காட்டும் நெருப்புச் சின்னம் ஒன்றும் உண்டு. ஆறாம் வாரம் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தேன், 37இலிருந்து பூஜ்ஜியத்துக்கு விழுந்துவிட்டது, கூடவே "உங்களை நீங்களே கைவிட்டுவிடாதீர்கள்" என்று ஓர் அறிவிப்பு. காய்ச்சலோடு படுத்திருப்பவரிடம் பேசும் பேச்சா இது? எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் உன் மதிப்பு குறையாது என்று பாடம் எடுக்கிறார்கள், எதைச் செய்யாவிட்டால் எத்தனை புள்ளி குறையும் என்று கணக்கும் வைத்திருக்கிறார்கள். பாடம் எழுதியவர்களும் செயலி செய்தவர்களும் ஒரே கட்டடத்தில் இருந்தால்கூட ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

செயலியின் அமைப்புகளுக்குள் போனால் தரவரிசைப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கலாம், அறிவிப்புகளையும் நிறுத்தலாம். ஞாயிற்றுக்கிழமை மதிப்பெண்ணை மட்டும் நிறுத்த முடியாது. நிறுத்தச் சொல்லி எழுதினேன், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று தானியங்கிப் பதில் வந்தது, வேறொன்றும் வரவில்லை.

ஆறாம் வாரம் கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003 முதல் எழுதிவரும் கருத்து, தவறு செய்த நண்பரிடம் பேசுவதுபோல நம்மிடமும் பேசுவது. அதற்கு மூன்று கால்கள்: கடுமைக்குப் பதில் கனிவு, இப்படித் தடுக்கி விழுவது எல்லாருக்கும் நடக்கிறது என்ற நினைப்பு, வலியை மறைக்காமலும் பெரிதாக்காமலும் பார்ப்பது. நல்ல பாடம், ஆனால் பயிற்சித்தாளில் இதற்கு "தன்னிரக்கம்" என்று போட்டிருக்கிறார்கள். தமிழில் தன்னிரக்கம் என்றால் "ஐயோ, எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று மூலையில் உட்கார்ந்து புலம்புவதல்லவா. பாடம் சொல்வது இதற்கு நேர் எதிர், "எனக்கு மட்டும்" என்பதைத்தான் அது முதலில் உடைக்கிறது. நேரலையில் ஒருவர் கோபமாகவே, "நான் தன்னிரக்கத்துல இருந்து வெளிய வரத்தான் இங்க வந்தேன், அதையே பயிற்சி செய்யச் சொல்றீங்களே" என்று கேட்டார், பயிற்சியாளர் பாவம், பத்து நிமிடம் விளக்கினார். தற்பரிவு என்று போட்டிருக்கலாம், அல்லது தன்னிடம் பரிவு என்று விளக்கமாகவே எழுதியிருக்கலாம். ஒரு சொல்லால் ஒரு வாரப் பாடமே சிலருக்குத் தலைகீழாகிவிட்டது.

நண்பருக்கு எழுதும் கடிதம்போல எனக்கே ஒன்று எழுதும் பயிற்சி எனக்கு முழுதாக வரவில்லை. நான்காம் வரியிலேயே நண்பருக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

ஏழாம் வாரமும் எட்டாம் வாரமும் நீங்கள் பார்க்காவிட்டாலும் பாதகமில்லை. ஏழு, எல்லைகள் வகுப்பதைப் பற்றி, நான்காம் வாரத்தின் நீர்த்த வடிவம். எட்டு, இருபது நிமிடத்தில் பன்னிரண்டு நிமிடம் அடுத்த பயிற்சிக்கான விளம்பரம்.

யாருக்கு இது பொருந்தும் என்றால், வேலை, வீடு எல்லாம் ஓடிக்கொண்டிருந்தும் உள்ளே ஓயாமல் ஒரு தாழ்வு நினைப்பு அரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு, தாளையும் பேனாவையும் எடுத்து உட்காரும் பொறுமை இருப்பவர்களுக்கு. பல வாரமாகத் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்தென்ன என்ற நினைப்பு வருகிறது என்றால் தயவுசெய்து இதில் பணம் கட்டாதீர்கள், நேரே மனநல மருத்துவரைப் பாருங்கள். தாழ்ந்த சுயமதிப்பு சில சமயம் மனச்சோர்வின் அறிகுறியாகவே வரும், அதைச் செயலியால் ஆற்ற முடியாது. சேரும் பக்கத்தில் நிறுவனம் இதைச் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது, பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். இன்னொன்று, சுற்றியிருப்பவர்கள் நிஜமாகவே நாள்தோறும் மட்டம் தட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் இருப்பவருக்கு, அந்தக் குரல் மனத்துக்குள்ளிருந்து வரவில்லை. அங்கே மாற வேண்டியது அவருடைய நினைப்பு மட்டுமில்லை. எட்டு வாரத்தில் இதைப் பற்றி ஒரு பாடம்கூட இல்லை.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்பீர்கள். பாடத்துக்கு மூன்றரை, ஆலோசகருக்கு ஐந்து, தமிழுக்கு ஒன்றரை, செயலிக்கு ஒன்று.

சேருவதாக இருந்தால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். எட்டு வாரம் முடிந்ததும் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், நிறுத்தும் பொத்தான் கணக்குப் பக்கத்தின் அடியில் மூன்று தட்டு உள்ளே இருக்கிறது, ஏழாம் வாரத்திலேயே போய் நிறுத்திவிடுங்கள். நிறுத்தினால் பயிற்சித்தாள்களில் நீங்கள் எழுதியதும் சேர்ந்து போய்விடும், எனவே நான்காம் வாரத்தை ஒரு நோட்டில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதி வைத்திருக்கிறேன். என் கடைசி மதிப்பெண் 49, ஐம்பதுக்கு ஒன்று குறைவு. போன வார மின்னஞ்சல்களைத் தோழி மறுபடி எண்ணினாள், 6 இருந்தது. அதில் இரண்டு நியாயமானவை என்று வாதாடினேன், நிஜமாகவே நான் தாமதமாக அனுப்பியவை அவை. அவள் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை.